பீரோ சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கு, கம்ப்யூட்டர் சாவி மட்டும் ஏன் ஒருத்தர்கிட்ட?

வழக்கமா நம்ம சேனல்ல எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், வீட்டுக் கடன்னு பேசுவோம். இன்னைக்கு கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு பத்தி எழுதறேன். "இது டெக் சேனல் விஷயமாச்சே, உங்களுக்கு என்ன வந்தது?"னு கேட்பீங்க. எங்க அத்தை வீட்டுல நடந்ததைச் சொல்றேன். படிச்சு முடிச்சுட்டு, இது பணம் சம்பந்தப்பட்ட விஷயமா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

மாமாவுக்கு திடீர்னு பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பேச்சு வரவில்லை, வலது கை அசையவில்லை. நாற்பது வருஷமா வீட்டுக் கணக்கை ஒரு பைசா விடாமல் எழுதி வைத்தவர். முன்பெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். கடந்த சில வருஷமா எல்லாம் வீட்டு லேப்டாப்பில் ஒரு எக்செல் ஃபைலில். பத்தாவது நாள் அத்தை போன் பண்ணினார்.

"ஏண்டா, அந்த லேப்டாப்பைத் தொறக்க முடியலடா. உங்க மாமா என்ன போட்டு வச்சிருக்கார்னு யாருக்குத் தெரியும்? கடைக்காரன் வந்து பார்த்துட்டு ஃபார்மட் போட்டா சரியாயிடும், 800 ரூபாய்ங்கறான். போட்டுடச் சொல்லட்டுமா?"

நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நினைத்தார். கேட்காமல் "சரி தம்பி, போட்டுடு" என்று சொல்லியிருந்தால் என்ன போயிருக்கும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

லேப்டாப்பை வாங்கிக் கொடுத்தது அத்தை மகன். துபாய் கிளம்புவதற்கு முந்தின வாரம் எல்லாவற்றையும் செட் பண்ணிக் கொடுத்தான். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு அவன் பெயரில், அவனுடைய மைக்ரோசாஃப்ட் மெயில் ஐடியில். அப்பாவுக்குத் தனியாக ஒரு சாதாரணக் கணக்கு. "அப்பா எதையாவது அழுத்திக் கெடுத்துடக் கூடாது"னு நல்ல எண்ணத்தில் செய்ததுதான். செய்ததில் தப்பும் இல்லை, தினசரி வேலைக்கு சாதாரணக் கணக்குதான் பாதுகாப்பு.

ஆனால் அந்த மெயில் ஐடியின் பாஸ்வேர்டு அவனுக்கு மறந்துவிட்டது. மீட்டெடுக்கப் போனால் கோட் ஒரு பழைய இந்திய நம்பருக்குப் போகிறது. அந்த நம்பரை அவன் ரீசார்ஜ் பண்ணாமல் விட்டு ரெண்டு வருஷமாச்சு. அப்பாவுக்கு பாஸ்வேர்டு தெரியும், சொல்ல முடியாது. மகன் அட்மின், உள்ளே போக முடியாது. அம்மாவுக்கு எதுவுமே தெரியாது. ஒரு வீட்டோட மொத்தக் கணக்கும் நடுவுல பூட்டிக் கிடக்குது.

முதலில் பதறாதீங்க

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் நினைப்பது, "கம்ப்யூட்டர் போச்சுன்னா பணமே போச்சு" என்று. அப்படி இல்லை. பேங்க் டெபாசிட் பேங்கில்தான் இருக்கிறது. வருமான வரித் தளத்தின் பாஸ்வேர்டை ஆதார் ஓடிபி மூலம் மாற்றிக்கொள்ளலாம். மியூச்சுவல் ஃபண்ட் முதலீடுகளின் ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்டை, பான் எண்ணும் பதிவு செய்த மெயிலும் இருந்தால் வாங்கிவிடலாம். கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட்டைத் தேட ரிசர்வ் பேங்க் 2023-ல் உத்கம் என்ற தளத்தைத் தொடங்கியது. மறந்துபோன ஃபண்ட் முதலீட்டைத் தேட 2025-ல் மித்ரா வந்தது. பத்திரம் தொலைந்தால்கூட வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம், நகல் வாங்கலாம்.

அதாவது, ஏதோ ஒரு அலுவலகத்தில் பதிவான சொத்துக்கு எப்படியாவது ஒரு வழி உண்டு. பதிவாகாத பணத்துக்குத்தான் வழியே கிடையாது. கைமாத்தாகக் கொடுத்தது, புரோநோட்டு, தெருவில் நடக்கும் சீட்டு, தங்கச்சி கல்யாணத்துக்குக் கொடுத்த நகை, வீட்டு வாடகை அட்வான்ஸ், ஒத்திப் பணம். நம்ம ஊரில் நடுத்தரக் குடும்பத்தின் பணம் இப்படித்தான் நாலு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கு எந்தத் தளமும் இல்லை. வீட்டுக்காரர் எழுதி வைத்திருக்கும் அந்த ஒரு பட்டியல்தான் சாட்சி. அது பூட்டிய கம்ப்யூட்டருக்குள் இருந்தால், இல்லாத மாதிரிதான்.

ஃபார்மட் கடைசி வழி, முதல் வழி அல்ல

கடைக்காரர்களை நான் குறை சொல்ல வரவில்லை. அவர்கள் வேலை மெஷினை ஓட வைப்பது. ஃபார்மட் போட்டால் மெஷின் ஓடும், அது உண்மை. உள்ளே இருந்தது போய்விடும், அதுவும் உண்மை. அதனால் பூட்டிப்போன கம்ப்யூட்டரை யார் கையில் கொடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எப்போ சரியாகும்?" என்பதல்ல. "உள்ளே இருக்கிற ஃபைலை முதல்ல காப்பி எடுத்துக் கொடுப்பீங்களா?" என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயம். "ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேற கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துடலாம்" என்பது பழைய மெஷின்களில் நடக்கும். இப்போது வரும் பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து உள்ளே போனாலே டிஸ்க் தானாக என்க்ரிப்ட் ஆகிவிடுகிறது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல் இது இன்னும் பரவலாகிவிட்டது. அப்படி என்க்ரிப்ட் ஆன டிஸ்க்கைத் திறக்க 48 இலக்க பிட்லாக்கர் மீட்பு எண் வேண்டும். அது இல்லாமல் கடைக்காரரால் மட்டுமல்ல, மைக்ரோசாஃப்டே நினைத்தாலும் திறந்து தர முடியாது. அத்தை வீட்டு லேப்டாப்பும் அந்த ரகம்தான்.

எங்கள் வீட்டில் நாங்கள் போன வரிசையைச் சொல்கிறேன். நீங்களும் இதே வரிசையில் போங்கள்.

ஒன்று: லாகின் திரையில் இருப்பது என்ன கணக்கு என்று பாருங்கள். மெயில் ஐடியோடு இணைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கா, அந்த மெஷினுக்கு மட்டுமான லோக்கல் கணக்கா? வழி ரெண்டுக்கும் வேறு. நிறைய பேர் தினமும் போடுவது பின் நம்பர், பாஸ்வேர்டு இல்லை. பின் மறந்தால் பாஸ்வேர்டு போட்டும் உள்ளே போகலாம்.

ரெண்டு: மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால், அதைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உடைக்க வேண்டியதே இல்லை. போனிலேயே அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, லேப்டாப்பை இன்டர்நெட்டில் இணைத்து, புதிய பாஸ்வேர்டு போட்டால் போதும். கோட் வரும் நம்பரும் மெயிலும் கையில் இருந்தால் பத்து நிமிட வேலை.

மூன்று: நம்பர் போய்விட்டது என்றால் கணக்கு மீட்புப் படிவம் ஒன்று உண்டு. பழைய பாஸ்வேர்டுகள், சமீபத்தில் மெயில் அனுப்பியவர்களின் முகவரி, மெயிலின் தலைப்பு எல்லாம் கேட்கும். எவ்வளவு சரியாகச் சொல்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு. டூ ஸ்டெப் போட்டு வைத்திருந்தால் இந்தப் படிவம் உதவாது. அத்தை மகன் டூ ஸ்டெப் போடவில்லை. பாதுகாப்புக்கு அது நல்ல பழக்கம் இல்லை, ஆனால் அன்றைக்கு அதுதான் எங்களைக் காப்பாற்றியது. முதல் தடவை நிராகரித்தார்கள். ரெண்டாவது தடவை, பழைய மெயில்களை யார் யாருக்கு அனுப்பினான் என்று நண்பர்களிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினான். கிடைத்துவிட்டது.

நான்கு: லோக்கல் கணக்கு என்றால், பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டதும் மீட்டமைக்கும் வழி கீழே வரும். கணக்கு தொடங்கும்போது கொடுத்த மூன்று ரகசியக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அதே மெஷினில் வேறு யாராவது அட்மினாக இருந்தால் அவர்கள் மாற்றித் தரலாம்.

ஐந்து: அட்மினாக உள்ளே போனதும் அவசரப்பட்டு மற்றவர் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றாதீர்கள். லோக்கல் கணக்கின் பாஸ்வேர்டை இன்னொரு அட்மின் வலுக்கட்டாயமாக மாற்றினால், அந்தக் கணக்கில் சேமித்திருந்த இணையதள பாஸ்வேர்டுகள் போய்விடலாம். விண்டோஸே அந்த எச்சரிக்கையைக் காட்டும், நாம்தான் படிக்காமல் ஓகே அழுத்துவோம். அட்மினுக்கு மற்றவர் ஃபோல்டரைத் திறக்கும் அனுமதி உண்டு. வேண்டிய ஃபைலை மட்டும் காப்பி எடுத்தால் போதும். நாங்கள் அதைத்தான் செய்தோம்.

இதை விட்டுவிட்டு செய்யக் கூடாதது மூன்று. நெட்டில் கிடைக்கும் "பாஸ்வேர்டு ரிமூவர்" சாஃப்ட்வேரை இறக்காதீர்கள், பூட்டைத் திறக்கிறேன் என்று திருடனை உள்ளே விட்ட கதையாகிவிடும். சிஸ்டம் ஃபைலை மாற்றி உள்ளே போகும் வித்தைகளை வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள், என்க்ரிப்ட் ஆன டிஸ்க்கில் அது எடுபடவும் செய்யாது. கூகுளில் தேடி வரும் "கஸ்டமர் கேர்" நம்பருக்குக் கூப்பிட்டு, அவன் சொல்லும் ரிமோட் ஆப்பைப் போனில் போடாதீர்கள். எனிடெஸ்க் மாதிரி ஆப் வழியாக நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் பேங்க் 2019-லேயே எச்சரித்தது. தப்பித் தவறி ஏமாந்தால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதெல்லாம் சொந்த வீட்டு மெஷினுக்கு, சம்பந்தப்பட்டவர் சம்மதத்தோடு. மாமாவால் பேச முடியாவிட்டாலும் தலையாட்ட முடியும். அத்தை அவரிடம் கேட்டார், அவர் தலையாட்டினார், அதன் பிறகுதான் ஃபோல்டரைத் திறந்தோம்.

உள்ளே என்ன இருந்தது

எக்செல் ஃபைலில் ஏழு ஷீட். பேங்க், போஸ்ட் ஆபீஸ், எல்ஐசி எல்லாம் அத்தைக்கு ஓரளவு தெரிந்ததுதான். ஆறாவது ஷீட்டின் பெயர் "வரவேண்டியது". அதில் மூன்று வரி. முதல் ரெண்டு சின்னத் தொகை. மூன்றாவது, மாமாவோடு வேலை பார்த்த ஒருவருக்கு நாலு லட்சம் ரூபாய் புரோநோட்டு. எழுதிய தேதி, வட்டி, சாட்சிகளின் பெயர். கடைசிக் கட்டத்தில் "நோட்டு பேங்க் லாக்கரில், நகைப் பெட்டிக்கு அடியில்" என்று எழுதியிருந்தது.

அந்தத் தேதியைப் பார்த்ததும்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டதும் தர வேண்டிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷம்தான் காலவரம்பு. அதற்குள் வழக்குப் போட வேண்டும், அல்லது கடன் வாங்கியவர் ஒரு தொகையைக் கொடுத்து நோட்டின் பின்னால் வரவு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருஷம் கிடைக்கும். மூன்று வருஷம் தாண்டிவிட்டால் கோர்ட்டில் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. மாமாவின் நோட்டுக்கு மிச்சம் இருந்தது பத்தொன்பது நாள்.

லாக்கர் ரெண்டு பேர் பெயரிலும் இருந்தது. அத்தை போய்த் திறந்தார். நோட்டு எழுதியிருந்த இடத்திலேயே இருந்தது. கடன் வாங்கியவரும் நல்ல மனுஷன். விஷயம் கேள்விப்பட்டதும் வீட்டுக்கு வந்தார், மாமா கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், 5,000 ரூபாய் கொடுத்துப் பின்னால் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். மீதியையும் தவணையாகத் தந்துகொண்டிருக்கிறார்.

எல்லோரும் அப்படி இருப்பார்களா? 800 ரூபாய்க்கு ஃபார்மட் போட்டிருந்தால், அந்த நாலு லட்சத்தைக் கேட்க வேண்டும் என்றே அத்தைக்குத் தெரிந்திருக்காது.

என் கருத்து இதுதான்

இந்தக் கதையில் தொழில்நுட்பம் கால்வாசிதான். முக்கால்வாசி, வீட்டில் யாருக்கு என்ன தெரிய வேண்டும் என்று நாம் முடிவு பண்ணி வைத்திருக்கும் விதம்.

அத்தை படிக்காதவர் இல்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். மாமா அவரிடம் எதையும் மறைக்கவும் இல்லை. "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன், உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?" என்பார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த அன்பின் விலை, அவர் விழுந்த நாளில் அத்தை தன் சொந்த வீட்டுக் கணக்கைப் பார்க்க துபாயில் இருக்கும் மகனையும் தெரு முனைக் கடைக்காரரையும் நம்பி நிற்க வேண்டி வந்தது. நம்மில் எத்தனை வீட்டில் இதே நிலைமை? பீரோ சாவி ரெண்டு இருக்கும், ஒன்று அம்மா இடுப்பில். ஸ்கூட்டர் சாவி ரெண்டு இருக்கும். வீட்டோட மொத்தக் கணக்கும் இருக்கிற கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரே சாவி, அதுவும் ஒருத்தர் தலைக்குள்.

"பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீங்கன்னு நீங்களே வீடியோவுல சொல்றீங்களே?" என்று கேட்பீர்கள். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். நெட் பேங்கிங் பாஸ்வேர்டு, யுபிஐ பின், ஓடிபி எதையும் மனைவி, மகன் உட்பட யாருக்கும் கொடுக்க வேண்டாம். ஒருவர் போன பிறகு அவருடைய நெட் பேங்கிங்கில் நுழைந்து பணத்தை மாற்றுவது தப்பு, பின்னால் வாரிசுகளுக்குள் சண்டையாகவும் முடியும். அதற்கு நாமினி இருக்கிறார், வாரிசுச் சான்று இருக்கிறது. ஆனால் நாமினி கிளெய்ம் பண்ண வேண்டும் என்றால், இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும் இல்லையா? பணத்தின் சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பணம் எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் வீட்டில் இன்னொருவர் கண்ணுக்குக் காட்டுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்

செலவு கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. அதிகபட்சம் ஒரு பென் டிரைவ்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ரெண்டாவதாக ஒரு அட்மின் கணக்கு உருவாக்குங்கள், வீட்டிலேயே இருக்கும் ஒருவர் பெயரில். தினசரி வேலைக்கு எல்லோரும் சாதாரணக் கணக்கையே பயன்படுத்துங்கள். அட்மின் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, பீரோவில் பத்திரத்தோடு வையுங்கள்.

பிட்லாக்கர் மீட்பு எண்ணை அச்செடுத்து அதே கவரில் போடுங்கள். என்க்ரிப்ஷன் ஆன மெஷினாக இருந்தால், எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் மெஷினைத் தொடங்கினீர்களோ, அந்தக் கணக்கின் பக்கத்தில் பெரும்பாலும் அது இருக்கும். லோக்கல் கணக்கு என்றால் பாஸ்வேர்டு ரீசெட் டிஸ்க் ஒன்றைப் பென் டிரைவில் செய்துகொள்ளுங்கள்.

மீட்பு நம்பர், மீட்பு மெயில் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாடு போகிறவர்களுக்கு இது முக்கியம். விட்டுப்போன நம்பரை 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். பேங்க்கில் அந்தப் பழைய நம்பரே பதிவாகி இருந்தால், உங்கள் ஓடிபி யாரோ ஒருவர் போனில் அடிக்கும். சிம்மை விடுவதற்கு முன்னால் பேங்க், ஆதார், மெயில் மூன்றிலும் நம்பரை மாற்றிவிடுங்கள்.

பணப் பட்டியலின் ஒரு நகல் காகிதத்தில் இருக்கட்டும். வருஷம் ஒருமுறை, பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்ணும்போது புதுப்பியுங்கள். கொடுத்த கடன், வாங்கிய கடன், நோட்டின் தேதி மூன்றும் கட்டாயம்.

கடைசியாக, ஒத்திகை. கவரைப் பிரித்து, வீட்டில் இருப்பவரே உங்கள் உதவி இல்லாமல் கம்ப்யூட்டரைத் திறந்து அந்த ஃபைல் வரைக்கும் போகட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பாருங்கள். அவரால் முடியவில்லை என்றால், நீங்கள் எழுதி வைத்தது போதவில்லை என்று அர்த்தம்.

மாமா இப்போது தேறி வருகிறார். ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை பேசுகிறார். எக்செல் ஃபைலை இப்போது அத்தைதான் எழுதுகிறார். போன வாரம் போனபோது, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமா இடது கையால் திரையில் ஒரு கட்டத்தைக் காட்டினார். அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். வட்டியில் நூறு ரூபாய் விட்டுப்போயிருந்தது.

"இதை மட்டும் நல்லா கண்டுபிடிப்பார்" என்று சொல்லித் திருத்தினார்.

உங்க வீட்டு லேப்டாப்பில் அட்மின் யாருன்னு இன்னைக்கு ராத்திரியே பாருங்க. செட்டிங்ஸில் கணக்குப் பகுதிக்குப் போனா, உங்க பெயருக்குக் கீழேயே அட்மினிஸ்ட்ரேட்டர்னு போட்டிருக்கும். போட்டிருக்கலைன்னா, யார் பெயருக்குக் கீழே போட்டிருக்குன்னு தேடுங்க. அவருக்கு ஒரு போன் போடுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்.